ஆரோக்கிய முகாமில் ஒரு கொலையாளி

நிம்மதி தேடிப் போகிறவர்களைத் திகில் நாவல்கள் ஏன் இப்படித் துரத்துகின்றன? கற்பனையை மிஞ்சிய இரண்டு நிஜ முகாம்களின் கதை அதற்குப் பதில் சொல்கிறது.

ஊரைவிட்டு நெடுந்தூரம் தள்ளி, மலைச்சரிவிலோ தீவிலோ ஓர் அழகான கட்டடம். வாசலில் வெள்ளை உடுப்பில் ஒருவர் மூலிகைத் தேநீரோடு வரவேற்கிறார். வந்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். விவாகரத்தில் நொந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்த தம்பதி, வேலை வேலை என்று ஓடிக் களைத்த அதிகாரி, எடையைக் குறைக்க வந்த பெண். ஆளுக்கொரு படிவம் நிரப்ப வேண்டும். செல்போனை ஒப்படைக்க வேண்டும். அடுத்த சில நாட்களுக்குப் பேச்சு கிடையாது, வெளித்தொடர்பு கிடையாது, கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் காலை, தியானக் கூடத்தில் ஒரு பாய் காலியாகக் கிடக்கிறது. அன்றிலிருந்து கத்தி வேலையைத் தொடங்குகிறது.

முகமூடிக் கொலையாளி ஒருவன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் கதைக்கு ஸ்லாஷர் என்று பெயர். அந்த வகையின் புதிய கொலைக்களம் இதுதான்: வெல்னெஸ் ரிட்ரீட் எனப்படும் நலவாழ்வு முகாம். இங்கிலாந்து எழுத்தாளர் சாரா பியர்ஸ் 2021-இல் எழுதிய ‘தி சானடோரியம்’ நாவலில், சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் இருந்த பழைய காசநோய் மருத்துவமனை ஒன்று சொகுசு விடுதியாகிறது. பனிச்சரிவு பாதையை மூடிவிடுகிறது. விசித்திரமான முகமூடி அணிந்த ஒருவர் உள்ளே நடமாடுகிறார். அடுத்த ஆண்டே அவர் எழுதிய ‘தி ரிட்ரீட்’, இங்கிலாந்துக் கரையோரத் தீவு ஒன்றில் திறக்கப்பட்ட நலவாழ்வு முகாமில் நடக்கிறது. முன்பு தொடர் கொலைகள் நடந்த தீவு அது. அதற்கு முன், 2018-இல் ஆஸ்திரேலியாவின் லியான் மோரியார்ட்டி எழுதிய ‘நைன் பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ கொலை நாவல் இல்லை. ஆனால் முகாம் என்ற இடத்தின் பயத்தை அதைவிடத் துல்லியமாகச் சொன்ன நாவல் குறைவு. நிக்கோல் கிட்மன் நடித்த தொடராகவும் அது 2021-இல் வந்தது.

இந்த நாவல்களை விமான நிலையத்தில் வாங்கி, பயணம் முடிந்ததும் மறந்துவிடும் சரக்கு என்று ஒதுக்குவது எளிது. அப்படி ஒதுக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. உடம்பையும் மனதையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது நாம் கேட்க மறந்த கேள்விகளை இந்தக் கதைகள் உரக்கக் கேட்கின்றன.

விருந்தினர் என்ற பலி

ஸ்லாஷர் கதைகளின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கொலை நடக்கும் இடம் பெரும்பாலும் யாரோ ஒருவர் தங்க வந்த இடம்.

1939-இல் அகதா கிறிஸ்டி எழுதிய நாவலில் பத்துப் பேர் ஒரு தீவு மாளிகைக்கு விருந்துக்கு அழைக்கப்பட்டார்கள். விருந்துக்கு அழைத்தவர் வரவே இல்லை. கிராமபோன் தட்டு ஒன்று ஒவ்வொருவர் மீதும் ஒரு கொலைக் குற்றத்தைச் சுமத்தியது. படகு இல்லை, தப்ப வழி இல்லை. 1959-இல் ராபர்ட் பிளாக் எழுதிய ‘சைக்கோ’வும், மறு ஆண்டு ஹிட்ச்காக் எடுத்த படமும், நெடுஞ்சாலையை விட்டு விலகிய மோட்டல் ஒன்றில் நடந்தன. 1980-இல் வந்த ‘ஃபிரைடே தி தர்ட்டீன்த்’ படத்துக்கு ஏரிக்கரைக் கோடை முகாம். பொறுப்பில் இருந்தவர்களின் அலட்சியத்தால் ஒரு சிறுவன் நீரில் மூழ்கிப்போனான் என்ற பழைய கணக்கு அங்கே தீர்க்கப்படுகிறது.

தமிழ் ரசிகர்களுக்கு இது அந்நியமான சரக்கு இல்லை. ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த அதே 1978 அக்டோபரில்தான் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ இங்கே வெளியானது. அழகான பங்களா, பராமரிக்கப்பட்ட தோட்டம், ரோஜாச் செடிகளுக்கு அடியில் பிணங்கள். அந்த வீட்டுக்கு மணமகளாக வந்த ஸ்ரீதேவி உண்மையைக் கண்டுபிடித்து உயிர்தப்ப ஓடுகிறார். அமெரிக்கப் பேராசிரியர் கேரல் குளோவர் 1987-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில், எல்லோரும் செத்த பிறகும் மிஞ்சி நின்று கொலையாளியை எதிர்கொள்ளும் பெண்ணுக்கு ‘ஃபைனல் கேர்ள்’ என்று பெயர் சூட்டினார். அவர் சொன்ன குணங்கள் பலவும், விழிப்பு, சந்தேகம், பூட்டிய அறையைத் திறந்து பார்க்கும் துணிவு எல்லாம், அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஸ்ரீதேவியின் பாத்திரத்தில் இருந்தன.

விருந்தோம்பலைப் பெரும் அறமாகக் கொண்டாடிய சமூகம் நம்முடையது. விருந்தாளியை வீட்டுக்காரரே கொல்வதைவிடப் பெரிய துரோகம் நமக்குத் தெரியாது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு, உப்பிட்ட கையே கழுத்தைப் பிடித்தால் எப்படி இருக்கும்? ஸ்லாஷர் கதை தொடுவது அந்த அடிநரம்பை. மோட்டல்காரர் படுக்கை மட்டும்தான் தருவார். முகாம்காரர் உணவும் மருந்தும் உபதேசமும் தருகிறார். அவர் துரோகம் செய்தால் அடி மூன்று மடங்கு.

செல்போன் கெடுத்த திகிலை மீட்டது யார்?

1990-களின் பிற்பகுதியில் திகில் எழுத்தாளர்களுக்கு ஒரு புதுத் தலைவலி வந்தது. எல்லோர் சட்டைப்பையிலும் செல்போன். ஆபத்து என்றால் ஒரு அழைப்பு போதும், போலீஸ் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு கதையிலும் சிக்னல் போக வேண்டியிருந்தது, பேட்டரி தீர வேண்டியிருந்தது, போன் தண்ணீரில் விழ வேண்டியிருந்தது. வாசகர்களுக்கு அலுத்துவிட்டது.

நலவாழ்வு முகாம் இந்தச் சிக்கலை ஒரே வீச்சில் தீர்த்தது. இங்கே போனை யாரும் பறிப்பதில்லை. விருந்தினரே மனமுவந்து கொடுக்கிறார், அதற்குப் பணமும் கட்டுகிறார். மௌன விரதம் என்பதால், ஒருவர் பேசாமல் ஒதுங்கியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒருவர் காணாமல் போனால், “அவருக்குத் தாக்குப்பிடிக்க முடியவில்லை, இரவே கிளம்பிவிட்டார்” என்ற ஒரு வரி போதும். பட்டினி கிடந்து தலைசுற்றும் ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே முகமூடியைப் பார்த்தேன் என்றால், உடம்பிலிருந்து நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று சொல்லித் தூங்கவைத்துவிடலாம். அவளே தன் கண்ணை நம்பமாட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் படிவம். பழைய ஸ்லாஷர் கொலையாளி புதருக்குப் பின்னால் ஒளிந்து, இரை எங்கே போகிறது, எப்போது தனியாக இருக்கும் என்று பல நாள் வேவு பார்க்க வேண்டியிருந்தது. முகாமின் கொலையாளிக்கு அந்த வேலையே இல்லை. ஒவ்வாமை என்ன, சாப்பிடும் மாத்திரை என்ன, தூக்கம் எப்படி, வாழ்க்கையில் பட்ட பெரிய காயம் எது என்று எல்லாவற்றையும் விருந்தினரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாலையில் வட்டமாக உட்கார்ந்து மீதியையும் அழுதுகொண்டே சொல்லிவிடுகிறார்.

மோரியார்ட்டியின் நாவலில் முகாம் நடத்தும் மாஷா யாரையும் வெட்டுவதில்லை. விருந்தினர்களின் பானத்தில் அவர்களுக்குத் தெரியாமல் போதைப்பொருள் கலக்கிறாள். கடைசியில் அவர்களை ஓர் அறைக்குள் பூட்டுகிறாள். எல்லாம் அவர்கள் நல்லதுக்குத்தான் என்று முழுமனதாக நம்புகிறாள். சொந்தக் கையெழுத்தே தங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்ற அந்த மனிதர்களின் பயம், எந்தக் கத்தியையும்விடக் கூர்மையானது.

காமிராவால் முடியாதது

திரைப்படம் நம்மைத் திடுக்கிட வைக்கும். கதவு படாரென்று திறக்கும், இசை வீறிடும். காகிதத்தில் இது எடுபடாது. வாசகர் அடுத்த பக்கத்தைத் தன் வேகத்தில்தான் புரட்டுவார். அப்படியிருக்க ஸ்லாஷர் நாவலுக்கு என்ன பலம்?

சாகப் போகிறவரின் மனசுக்குள் உட்கார வைப்பதுதான். எண்பதுகளின் படங்களில் செத்தவர்கள் பலரும் வெறும் எண்ணிக்கை. முதலில் காதலர்கள், பிறகு கேலிக்காரன், பிறகு அசட்டுத் தைரியசாலி என்று வரிசை உண்டு. இளமையும் ஆசையும்தான் அவர்கள் செய்த குற்றம் என்பது போல அந்தப் படங்கள் நடந்துகொண்டன. முகாம் நாவலில் அத்தியாயத்துக்கு ஒரு பார்வை. எட்டுப் பேர் என்றால் எட்டு வாழ்க்கை. ஒருவர் ஏன் இங்கே வந்தார், எந்த மருத்துவர் அவரது வலியை நம்பவில்லை, எந்த உறவு கைவிட்டது என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் அவர் கதவு தட்டப்படுகிறது. அப்போது வாசகர் அடையும் வேதனை வேறு தரம். குணமாக வேண்டும் என்று விரும்பியதைத் தவிர அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

இடத்தின் பழங்கதையும் நாவலில் ஆழம் பெறுகிறது. ‘தி சானடோரியம்’ கதையில், இன்றைய கொலைகளின் வேர் அந்தப் பழைய மருத்துவமனையில் பெண் நோயாளிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் இருக்கிறது. கண்ணாடியும் பளிங்கும் வைத்து இழைத்தாலும் அந்தச் சுவர்கள் மறக்கவில்லை. 1924-இல் தாமஸ் மன் எழுதிய ‘மாய மலை’ நாவலில், தாவோஸ் மலை மருத்துவமனைக்கு மூன்று வாரம் உறவினரைப் பார்க்கப் போன இளைஞன் ஏழு ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடுகிறான். அங்கே கொலை கிடையாது. ஆனால் குணமாக்கும் இடம் மனிதரை விழுங்கிவிடும் என்ற எண்ணம் இலக்கியத்தில் நூறு ஆண்டுகளாக இருக்கிறது.

இனி, நாவலை மூடிவைத்துவிட்டு நிஜத்துக்கு வருவோம்.

ஒலாலா, 1911

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரிலிருந்து படகில் போக வேண்டிய ஒரு காட்டுப் பகுதி ஒலாலா. அங்கே லிண்டா ஹஸார்ட் என்ற பெண் உண்ணாநோன்பு சிகிச்சை நடத்தினார். மருத்துவப் பட்டம் எதுவும் அவரிடம் கிடையாது. மருந்தில்லா வைத்தியம் செய்பவர்களுக்கு அந்த மாநிலச் சட்டம் விட்டுவைத்த சந்து வழியாக உரிமம் பெற்றிருந்தார். உண்ணாநோன்பே எல்லா நோய்க்கும் மருந்து என்று 1908-இல் புத்தகமும் எழுதியிருந்தார்.

1911 பிப்ரவரியில் கிளேர், டோரா என்ற வில்லியம்சன் சகோதரிகள் சியாட்டிலில் அவரிடம் வந்தார்கள். பெற்றோரை இழந்த, வசதி படைத்த ஆங்கிலேயப் பெண்கள். இயற்கை வைத்தியத்தில் ஆர்வம் அதிகம். தக்காளியில் காய்ச்சிய நீர்த்த சூப்தான் முக்கிய உணவு. மணிக்கணக்கில் எனிமா, உடம்பைப் போட்டு அடிக்கும் மசாஜ். ஏப்ரலில் அவர்களை ஒலாலாவுக்கு மாற்றியபோது எழுந்து நடக்கவே சக்தி இல்லை. ஆஸ்திரேலியாவில் இருந்த மார்கரெட் கான்வே என்ற பெண்மணிக்கு ஒரு தந்தி போய்ச் சேர்ந்தது. சகோதரிகளைச் சிறுவயதிலிருந்து வளர்த்த தாதி அவர். தந்தியின் வாசகம் குழம்பிக் கிடந்தது. ஏதோ சரியில்லை என்று அவர் மனசு சொல்ல, கப்பலேறினார்.

அவர் வந்து சேரும் முன்பே, மே மாதம், கிளேர் இறந்துவிட்டார். அப்போது அவர் எடை 50 பவுண்டுக்கும் கீழே, ஏறத்தாழ 22 கிலோ. டோரா எலும்பும் தோலுமாகக் கிடந்தார். இறந்தவரின் உடைகளை ஹஸார்ட் உடுத்தியிருந்ததைக் கான்வே கண்ணால் பார்த்தார். நகைகளும் அவர் கைக்குப் போயிருந்தன. டோராவின் சட்டப்பூர்வப் பாதுகாவலராகவும் ஹஸார்ட் தன்னை ஆக்கிக்கொண்டிருந்தார். உறவினர் வந்து பணம் கொடுத்துத்தான் டோராவை மீட்க முடிந்தது.

சுற்றுவட்டாரத்தார் அந்த இடத்துக்கு ‘பட்டினி மேடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரிடம் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தவர்கள் குறைந்தது ஒரு டஜன் பேர். 1912-இல் நடந்த வழக்கில், டோரா சாட்சி சொல்ல, ஹஸார்டுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. சில ஆண்டுகளில் வெளியே வந்தார், ஆளுநர் மன்னிப்பும் பெற்றார். நியூசிலாந்து போய், 1920-இல் ஒலாலாவுக்கே திரும்பி, முன்னைவிடப் பெரிய கட்டடம் எழுப்பினார். மருத்துவ உரிமம் போய்விட்டதால் ஆரோக்கியப் பள்ளி என்று பெயர் சூட்டிக்கொண்டார். அந்தக் கட்டடம் 1935-இல் எரிந்தது. 1938-இல் தனக்குத் தானே உண்ணாநோன்பு சிகிச்சை செய்துகொண்டபோது அவரும் இறந்தார்.

எழுத்தாளர் கிரெக் ஓல்சன் இந்தக் கதையை 1997-இல் முழு நூலாக எழுதினார். ஸ்லாஷர் கதைக்குத் தேவையான அத்தனையும் இதில் இருக்கிறது: தனித்த இடம், நம்பி வந்த விருந்தினர், தப்பிய பெண், அவளே சொன்ன சாட்சியம். கத்தி மட்டும்தான் இல்லை. நகைக்கு ஆசைப்பட்டவர் தன் வைத்தியத்தையும் உண்மையாகவே நம்பினார் என்பதுதான் ஈரக்குலையை நடுங்கவைக்கிறது. ஏமாற்றுக்காரரையாவது அடையாளம் கண்டுவிடலாம். முழு நம்பிக்கையோடு கொல்பவரின் முகத்தில் கருணை தெரியும்.

செடோனா, 2009

நூறாண்டு கழித்து இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு அரிசோனா மாநிலத்தின் செடோனா பதில். சிவந்த பாறை மலைகளுக்கு நடுவே உள்ள அந்த ஊர் ஆன்மிகச் சுற்றுலாவுக்குப் பெயர் பெற்றது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஜேம்ஸ் ஆர்தர் ரே அங்கே ‘ஆன்மிகப் போராளி’ என்ற முகாமை நடத்தினார். ‘தி சீக்ரெட்’ படத்தில் தோன்றியவர், ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியில் பேசியவர். ஐந்து நாள் முகாமுக்குத் தலைக்குக் கிட்டத்தட்ட 10,000 டாலர் கட்டணம்.

பங்கேற்றவர்கள் முதலில் பாலைவனத்தில் ஒன்றரை நாள் சோறு தண்ணீர் இல்லாமல் தனித்திருந்தார்கள். பிறகு அக்டோபர் 8 அன்று, தார்ப்பாயும் போர்வையும் போட்டு மூடிய தாழ்வான கூடாரத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பழுக்கக் காய்ச்சிய கற்களைச் சுற்றுச் சுற்றாக உள்ளே கொண்டுவந்து நீர் ஊற்றினார்கள். செத்துப்போவதுபோல் இருக்கும், அதைத் தாண்டி வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் ரே. அதனால் மூச்சு முட்டியவர்களும் வாந்தி எடுத்தவர்களும் மயங்கியவர்களும் அதையெல்லாம் வெற்றிக்கு முந்தைய கட்டம் என்றே எடுத்துக்கொண்டார்கள். இருவர் அன்றே இறந்தார்கள். மூன்றாமவர் ஒன்றரை வாரத்துக்குள் மருத்துவமனையில் உயிர்விட்டார். பலர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2011-இல் ரே மீது கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் உறுதியானது. தண்டனை இரண்டு ஆண்டுகள். 2013-இல் விடுதலையாகி மறுபடி மேடை ஏறினார்.

வெப்பக் கூடாரம் அமெரிக்கப் பழங்குடிகளின் புனிதச் சடங்கு. தகுதி பெற்ற மூத்தவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அக்கறையோடு நடத்துவது. அதைக் காசாக்கியதைக் கண்டு அந்த மக்கள் கொதித்தார்கள். இறந்தவர்களில் ஒருவருடைய குடும்பம் அழுது ஓய்ந்துவிடவில்லை. ‘சீக் சேஃப்லி’ என்ற அமைப்பைத் தொடங்கி, இத்தகைய குருமார்களிடம் போகிறவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டிவருகிறது.

செடோனாவில் கதவைப் பூட்டி யாரும் காவல் நிற்கவில்லை. வெளியே போக விரும்பியவர்கள் போயிருக்கலாம் என்பதுதான் ரே தரப்பின் வாதம். பசியில், தாகத்தில், கட்டிய பணத்தின் பாரத்தில், பக்கத்தில் இருப்பவர் பொறுத்துக்கொள்கிறாரே என்ற கூச்சத்தில், வெளியேறுவது தோல்வி என்று ஊட்டப்பட்ட பாடத்தில் இருக்கும் ஒருவருக்குத் திறந்த கதவும் சுவர்தான். இந்த உண்மையை ஒரு நல்ல திகில் நாவல் நூறு பக்கத்தில் நம் உடம்புக்கே உணர்த்திவிடும். நீதிமன்றத் தீர்ப்புகளால் அது முடியாது.

மௌனம் குற்றமில்லை

முகாம்கள் எல்லாமே ஆபத்து என்று சொல்வது அநியாயம். எஸ்.என்.கோயங்கா மரபில் நடக்கும் பத்து நாள் விபஸ்ஸனா வகுப்புகளிலும் மௌனம் உண்டு, செல்போனை ஒப்படைப்பதும் உண்டு. ஆனால் அங்கே பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவதில்லை, விருப்பப்பட்டவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. சக மாணவர்களோடுதான் பேசக் கூடாதே தவிர, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், நிர்வாகத்திடம் பிரச்சினையைச் சொல்லலாம். கஷ்டம் என்று சொல்ல ஒரு வாய் திறந்திருக்கிறது. ஒலாலாவிலும் செடோனாவிலும் அடைபட்டது அந்த வாய்தான்.

குளோபல் வெல்னெஸ் இன்ஸ்டிட்யூட் கணக்குப்படி, நலவாழ்வு சார்ந்த உலக வணிகம் 2023-இல் சுமார் 6.3 லட்சம் கோடி டாலர். உடற்பயிற்சி, சத்துணவு, அழகுசாதனம், சுற்றுலா எல்லாம் சேர்ந்த தொகை அது. இத்தனை பணம் புழங்கும் இடத்தில் நல்லவர்களும் இருப்பார்கள், ஹஸார்டுகளும் இருப்பார்கள். மருத்துவமனைக்குச் சட்டம் இருக்கிறது, உணவகத்துக்குச் சோதனை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இந்த முகாம்கள், மருத்துவம் என்று கேட்டால் ஆன்மிகம் என்றும், ஆன்மிகம் என்று கேட்டால் விடுதி என்றும் சொல்லி நழுவ முடிகிறது. பட்டினி போடும், வெப்பத்தில் உட்காரவைக்கும், மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்த முகாமிலும் தகுதியுள்ள மருத்துவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த வேண்டும். செடோனாவில் மூன்று உயிர் போன பிறகாவது இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

அதுவரை நம் காவல் நம் கையில்தான். நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இப்படி ஒரு முகாமுக்குக் கிளம்பினால், பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேளுங்கள். மருத்துவர் யார், அவர் எங்கே படித்தார்? அருகில் உள்ள மருத்துவமனை எத்தனை தூரம்? நான் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா? பாதியில் கிளம்ப நினைத்தால் வண்டி உண்டா, கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பி வரும்? அவசரத்துக்கு வீட்டார் எந்த எண்ணில் கூப்பிடலாம், நான் எப்படி அவர்களோடு பேசலாம்? நேர்மையாக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். கேட்டதற்கே முகம் சுளித்து, “முதலில் நம்பிக்கை வையுங்கள்” என்றால், அந்த முகாமுக்குப் போகாதீர்கள். போகிறவர்களையும் தடுத்து நிறுத்துங்கள்.